முற்றத்தில் பன்னிரண்டு சக்கரங்கள்

அத்தியாயம் 14

நீல ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிறத்தைப் போட்டுக்கொண்டாள் ஹில்லெவி. கண்ணாடியில் ஒரு நிமிடம் பார்த்தாள். அதையும் கழற்றிவிட்டு மறுபடி நீலத்துக்கே வந்தாள்.

"டயர் மாத்தறதுக்கு எதுக்கும்மா இவ்வளவு அலங்காரம்?"

சில்யா கதவில் சாய்ந்துகொண்டு ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயதுக்கே உரிய கண், எதையும் விடாது.

"குளிருதுடி."

"குளிருக்கு உதட்டுச் சாயம் வேற போடணுமா?"

ஹில்லெவி சமையலறைக்குப் போனாள். ஏலக்காய் பன்கள் அடுப்பில் சிவந்துகொண்டிருந்தன. மேசையில் இரண்டு காபிக் கோப்பைகள் வைத்திருந்தாள். மகளுக்கு ஒன்று வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவசரமாக மூன்றாவதை எடுத்து வைத்தாள்.

இந்த மேசையில்தான் போன வாரம் சில்யா அதைச் சொன்னாள். 'இந்தக் குளிர்காலம் நான் அப்பா வீட்டுல இருக்கேம்மா. வேலை பக்கம்.' கூஹ்மோ போகும் வழியில் முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. காலை ஷிஃப்ட். இங்கே சொட்காமோவிலிருந்து இருட்டில் ஏரிச் சாலையில் போவதைவிட, அப்பா வீட்டிலிருந்து போவது சுலபம். காரணம் நியாயமாக இருந்ததுதான் ஹில்லெவிக்குத் தாங்கவில்லை. சண்டை போட அதில் ஒரு பிடி கூட இல்லை.

அப்பா வீடு என்றால் மிர்வாவின் வீடு.

சில்யாவின் அப்பா இல்போ இந்த வீட்டை விட்டு மிர்வாவிடம் போய் நான்கு குளிர்காலம் ஆகிறது. துணிகளை எடுத்துப் போனான், தூண்டில்களை எடுத்துப் போனான், வாசலில் நின்று, "நவம்பர்ல வந்து டயர் மாத்திக் கொடுத்துடறேன்" என்றான். கல்யாணத்தின்போது அவன் கொடுத்த வாக்குகளில் எது எது நின்றது என்று கணக்குப் பார்க்க ஹில்லெவிக்கு விருப்பமில்லை. கடைசியாகக் கொடுத்த இந்த வாக்கு மட்டும் நின்றது. வருடத்தில் ஒரு நாள் வருவான். கோடைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, ஐஸில் பிடித்து ஓடும் குளிர்காலச் சக்கரங்களைக் கொட்டகையிலிருந்து உருட்டி வந்து மாட்டுவான். முடித்துவிட்டுக் கையில் கறுப்போடு உள்ளே வந்து, காபி குடித்து, இரண்டு பன் சாப்பிட்டுவிட்டுப் போவான். பெரிதாக எதுவும் பேசுவதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு வீட்டின் எடை சரியாக இருக்கும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் நீல ஸ்வெட்டர்.

இந்த வருடம் வேலை இரட்டிப்பு. ஹில்லெவியின் கார், சில்யாவின் சிவப்புக் கார். சிவப்புக் காருக்கென்று ஹில்லெவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கும் தன் சம்பளத்தில், ஐஸைப் பிடிக்க இரும்பு ஆணி பதித்த நான்கு புது ஆணி டயர் வாங்கி, சக்கரங்களில் பொருத்தியே கொட்டகையில் வைத்திருக்கிறாள். மகள் அப்பா வீட்டுக்குப் போகலாம். போகிற சக்கரம் அம்மா கொடுத்ததாக இருக்கட்டும்.

இரவு பனி உறைந்து, காலையில் கொஞ்சம் இளகி, இப்போது வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அவள் காதை வாசலில் வைத்திருந்தாள். ஆணி டயர் தார் ரோட்டிலிருந்து முற்றத்துக்குத் திரும்பும்போது ஒரு மொறுமொறுப்புக் கேட்கும். இருபது வருடம் கேட்ட சத்தம்.

சத்தம் கேட்கவில்லை. ஆனால் சில்யா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வந்தாச்சு" என்றாள்.

ஆமாம், கேட்காது. ஹில்லெவி மறந்துவிட்டாள். மறந்தது போல் வைத்திருந்தாள் என்பதுதான் சரி.

போன குளிர்காலம் கடைவாசலில் இல்போவின் கார் நிற்பதைப் பார்த்தாள். ஏதோ தோன்றிக் குனிந்து பார்த்தாள், காலணிக் கயிறு கட்டுவது போல. அவள் போட்டிருந்த காலணியில் கயிறே கிடையாது. டயரில் ஒரு ஆணி கூட இல்லை. வழவழவென்று கறுப்பு ரப்பர், அதில் மெல்லிய கீறல்கள், அவ்வளவுதான்.

சில்யா கைக்குழந்தையாக இருந்தபோது ஆணிச் சத்தத்தில் காரில் தூங்கவே மாட்டாள். 'ஆணியில்லாதது போட்டுப் பாக்கலாமே, இல்போ' என்று ஹில்லெவிதான் கேட்டாள். ஒருமுறை அல்ல, பல குளிர்காலங்கள் கேட்டாள். 'நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்த வீட்டு வண்டியில அது ஏறாது' என்றான். அவளும் கேட்பதை நிறுத்தினாள். பிறகு அதையே நம்பவும் ஆரம்பித்தாள். கடையில் யாராவது டயர் பேச்சு எடுத்தால், 'ஆணி இல்லாம எப்படிங்க?' என்று இல்போவின் குரலிலேயே சொல்வாள்.

அவன் உயிரோடுதான் இருந்தான். மிர்வாவுக்காக மாற்றியிருந்தான். அவன் விட்டுப்போன நம்பிக்கையை இவள்தான் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் நின்ற காரிலிருந்து இறங்கியது மிர்வா. தனியாக.

இல்போவின் பச்சை வேலை ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள். அந்த ஜாக்கெட்டின் முழங்கைத் தையல் ஹில்லெவி போட்டது.

"இல்போவுக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு" என்றாள் மிர்வா, கையுறையை மாட்டிக்கொண்டே. "வேற நாள் வரேன்னார். ராத்திரி ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி ஆயிடும்னு ரேடியோவுல சொன்னாங்க. அதான் நான் வந்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கென்ன ஆட்சேபணை" என்றாள் ஹில்லெவி. உதட்டுச் சாயம் முகத்தில் பாரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத்தான் சிரமம்."

மிர்வா பள்ளியில் நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். ஹில்லெவியைவிட ஏழு வயது இளையவள். முழங்கால் போட்டு ஜாக்கியைக் காருக்கடியில் தள்ளிய விதத்தில் அந்த இளமை தெரிந்தது. கொட்டகையிலிருந்து சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்தாள். இந்த வீட்டில் இருந்தபோது இல்போ ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்திலும் பெயிண்டால் எழுதிவைத்திருந்தான், இடது முன், வலது பின் என்று. அந்தக் கோணல் எழுத்தை மிர்வா படித்துவிட்டு, தனக்குள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஹில்லெவிக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கோணல் எழுத்தைப் பார்த்து இருபது வருடம் சிரித்தவள் அவள்.

"சில்யா, நம்ம வண்டி டிக்கியைத் திற" என்றாள் மிர்வா. "உனக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

டிக்கியில் நான்கு புதுச் சக்கரங்கள். ஆணியில்லாதவை.

சில்யாவின் முகம் மலர்ந்ததை ஹில்லெவி பார்த்தாள். ஒரு நொடிதான். உடனே மகள் அதை மடித்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அப்படி மடித்து வைத்ததுதான் அதிகம் வலித்தது.

"அவளுக்கு டயர் இருக்கு" என்றாள் ஹில்லெவி. "புதுசு. ஆணி டயர். கொட்டகையில இருக்கு, பாத்திருப்பீங்களே."

"பாத்தேன். அடுத்த வருஷம் உங்க வண்டிக்குப் போடன்னு நினைச்சேன்."

"அவளுக்குத்தான்."

"அய்யோ. சில்யா, நீ சொல்லவே இல்லையே?"

"யார்கிட்ட சொல்றது?" என்றாள் சில்யா. "நீயும் சொல்லல, அம்மாவும் சொல்லல. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பாசம் பொங்கிடுச்சு."

அவளே போய்க் கொட்டகையிலிருந்து அந்த நான்கு சக்கரங்களையும் உருட்டி வந்து முற்றத்தில் போட்டாள். மிர்வாவின் நான்கையும் இறக்கி இன்னொரு பக்கம் போட்டாள். ஹில்லெவியின் காருடையது நான்கு. மொத்தம் பன்னிரண்டு சக்கரங்கள் கிடந்தன, ஏதோ சந்தை போல.

"சரி, சொல்லுங்க" என்றாள். "கேக்கறேன்."

"ஏரிச் சாலையில நீ தினமும் போகணும்" என்றாள் ஹில்லெவி. "கடுங்குளிர்ல எந்த டயரும் பிடிக்கும். குளிர் பூஜ்ய டிகிரியில நிக்கும்போது, ஐஸ் மேல தண்ணி நிக்கும்போது, ஆணி இல்லாம ஒண்ணும் நடக்காது. உங்கப்பா சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்."

"அப்பா இப்ப அப்படிச் சொல்றதில்லையேம்மா."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஹில்லெவிக்குக் காது மடல் சுட்டது.

மிர்வா நட்டைக் கழற்றிக்கொண்டே பேசினாள். ஹில்லெவியின் காரில் முன்சக்கரம் ஒன்று ஏற்கெனவே கழன்று வெறும் இரும்பு தெரிந்தது. "இப்ப வர்ற ரப்பர் ரொம்ப நல்லா இருக்குங்க. சத்தமே இல்ல. காலையில ஷிஃப்ட்டுக்குப் போறவளுக்கு அது பெரிய நிம்மதி. அதுவுமில்லாம, மத்த வண்டியெல்லாம் ஆணி போட்டுத்தானே ஓடுது? அதுங்க ஐஸைக் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்கி வெச்சிருக்கும். அந்தச் சொரசொரப்புல நம்ம டயர் நல்லாப் பிடிச்சுக்கும்."

ஹில்லெவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் பெயர் தெரியாமல் நெஞ்சில் கிடந்த ஒன்றுக்கு, அந்தப் பெண்ணே முழங்கால் போட்டு உட்கார்ந்து பெயர் வைத்துவிட்டாள்.

"அப்படியா" என்றாள். குரல் தணிந்தே இருந்தது. அதுதான் ஆபத்து என்று சில்யாவுக்குத் தெரியும். "ஒருத்தி இருபது வருஷம் கீறிக் கீறி வழி பண்ணி வெக்கணும். குடிக்காதேன்னு சொல்லணும், வேலையை விடாதேன்னு சொல்லணும், தட்டைக் கழுவக் கத்துக்கொடுக்கணும், அழும்போது பக்கத்துல உக்காரணும். எல்லாம் முடிஞ்சு பக்குவமானதும் இன்னொருத்தி வந்து சத்தமில்லாம ஏறிப் போயிடணும். நல்ல டயர்தான்."

"அம்மா..." என்றாள் சில்யா.

மிர்வா எழுந்து நின்றாள். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. கோபப்படுவாள் என்று ஹில்லெவி எதிர்பார்த்தாள். கோபப்பட வேண்டும் என்று விரும்பினாள்.

"சத்தமில்லாமயா?" என்றாள் மிர்வா. "உங்களுக்கு எப்படித் தெரியும், எங்க வீட்டுல சத்தம் இருக்கா இல்லையான்னு? நவம்பர் பொறந்தா அவர் காலண்டரைப் பாக்க ஆரம்பிச்சுடுவார். இங்க வர்ற அன்னிக்கு ஷேவ் பண்ணிக்குவார். டயர் மாத்தப் போறவர் ஷேவ் பண்ணுவாரா? திரும்பி வந்து ராத்திரி சாப்பாடு வேணாம்பார். பசிக்கலையாம். ஜாக்கெட்டெல்லாம் ஏலக்காய் வாசனை. நான் பாத்திரத்தை மூடி வெச்சுட்டுத் தனியா உக்காந்திருப்பேன்."

மிர்வா ஸ்பேனரை ஜாக்கி பக்கத்தில் வைத்தாள்.

"இன்னிக்கு நான் ஏன் வந்தேன்னு நினைக்கிறீங்க? இந்த முற்றத்துல அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கலாம்னுதான் வந்தேன்." அவள் குரல் உடைந்தது. "அடுத்த வருஷம் தயவுபண்ணி டயர்க் கடைக்குக் கொண்டுபோங்க. நானே காசு கொடுக்கறேன்."

ஹில்லெவியின் உள்ளே ஏதோ ஒன்று மெல்லச் சூடேறியது. இரக்கம் என்று முதலில் நினைத்தாள். இல்லை. சந்தோஷம். ஷேவ் பண்ணிக்கொள்கிறானா? சாப்பிடுவதில்லையா? ஒருத்தி தன்னை நினைத்து இரவில் விழித்துக்கொண்டிருக்கிறாள் என்பது இத்தனை இனிப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடேயே இன்னும் கேட்க வேண்டும் போல இருந்தது.

"சாப்பாடு வேணாம்பாரா?" என்று கேட்டுவிட்டாள். "முழுசாவா?"

அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்தபோதுதான், மகள் பக்கத்தில் நிற்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பினாள். சில்யா அங்கே இல்லை.

சிவப்புக் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் அவள் பெரிய பை. இன்ஜின் ஓடியது. குளிருக்கு ஹீட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் ஹில்லெவி நினைத்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. துளிகள் ஸ்வெட்டரில் விழுந்து உருளாமல் அப்படியே ஒட்டிக்கொண்டன.

சில்யா கண்ணாடியை இறக்கினாள். "நான் டயர் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் அப்பாவைப் பேசிட்டிருக்கீங்க."

"சில்யா, இறங்கு. அது கோடை டயர்!"

கார் நகர்ந்தது. வாசலில் லேசாகப் பின்பக்கம் ஆடியது, பிறகு நேரானது, சரிவில் இறங்கி மறைந்தது.

முற்றத்தில் பன்னிரண்டு குளிர்காலச் சக்கரங்கள் கிடந்தன. அவள் போனது கோடைச் சக்கரத்தில்.

ஹில்லெவி தன் காரிடம் ஓடினாள். அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஜாக்கியில் நின்றது.

"என் வண்டியில ஏறுங்க" என்றாள் மிர்வா.

ஏறினாள். வேறு வழியில்லை. இருக்கையில் இல்போவின் உடம்பு வாசனை இருந்தது. அதைக் கவனிக்கிற நேரமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கவனிக்கத்தான் செய்தாள்.

சரிவில் ரோடு கறுப்பாக மின்னியது. மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. மிர்வா மிக மெதுவாக ஓட்டினாள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, முன்னால் குனிந்து. வளைவில் கார் ஒரு சாண் வழுக்கியது. "பிரேக்கை மிதிக்காதீங்க, விட்டுடுங்க" என்றாள் ஹில்லெவி. "தெரியும்" என்றாள் மிர்வா. கார் பிடித்துக்கொண்டது.

வண்டிக்குள் அத்தனை அமைதி. மிர்வாவின் மூச்சு கேட்டது. துடைப்பான் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டுவது கேட்டது. இந்த அமைதியைத்தான் ஹில்லெவி ஒரு காலத்தில் இல்போவிடம் கேட்டாள், மடியில் அழுகிற குழந்தையோடு. அந்தக் குழந்தை இப்போது இந்த ரோட்டில் எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அவகிட்ட ஆணி டயரே போட்டுக்கோன்னுதான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் மிர்வா திடீரென்று. "உங்க டயரைப் பாத்ததும் தோணிச்சு. வீம்புல வாதாடினேன்."

"நானும் வீம்புலதான்" என்றாள் ஹில்லெவி. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

சரிவின் முடிவில், பெரிய சாலையில் சேரும் இடத்தில், சிவப்பு தெரிந்தது.

நிற்க முடியாமல் குறுக்கே வழுக்கிப் போய், எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தின் கம்பத்தில் முகத்தை இடித்துக்கொண்டு நின்றிருந்தது கார். ஒரு விளக்கு உடைந்திருந்தது. பெரிய சாலையில் அந்த நேரம் எதுவும் வரவில்லை. மரம் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்கப் போகிற சாலை அது. அந்த நினைப்பை ஹில்லெவி முடிக்கவில்லை.

சில்யா வெளியே நின்றிருந்தாள், தோளில் பையோடு. முகம் வெளுத்திருந்தது. அடிபடவில்லை.

இருவரும் ஒரே சமயத்தில் இறங்கினார்கள். ஒரே சமயத்தில் வழுக்கினார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்க முடிந்தது.

"கிட்ட வராதீங்க" என்றாள் சில்யா. "எனக்கு ஒண்ணும் ஆகல."

"கண்ணு, வீட்டுக்குப் போகலாம் வா" என்றாள் ஹில்லெவி.

"எந்த வீட்டுக்கு?"

இரண்டு பெண்களும் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததை உணர்ந்து விடுவித்துக்கொண்டார்கள்.

வளைவில் இரண்டு பெரிய விளக்குகள் தெரிந்தன. பேருந்து. ஊர்ந்து ஊர்ந்து வந்து, நிறுத்தத்தைத் தாண்டிச் சறுக்கி, ஒருவழியாக நின்றது. சில்யா கார் சாவியைக் கையில் எடுத்தாள். ஹில்லெவி கையை நீட்டினாள். மிர்வாவும் அறியாமல் நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

சில்யா இருவர் கையிலும் கொடுக்கவில்லை. காரின் கூரைமேல் வைத்தாள். ஐஸ் படிந்த கூரையில் சாவி சறுக்கி, முன்கண்ணாடியில் இறங்கி, துடைப்பானில் தட்டி நின்றது.

"ஆணி போடுங்க, இல்லாதது போடுங்க" என்றாள். "நாலு சக்கரமும் ஒரே மாதிரி இருந்தாப் போதும். அவ்வளவுதான் சட்டம்."

"எங்கடி போற? சில்யா!"

அவள் ஏறினாள். கதவு மூடியது. பனி படர்ந்த ஜன்னல்களுக்குப் பின்னால் அவள் தலை ஒவ்வொரு வரிசையாகக் கடந்து போய் எங்கோ உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

பேருந்து நகர்ந்தபோதுதான் ஹில்லெவி அதன் நெற்றியில் எழுதியிருந்ததை நினைத்துப் பார்த்தாள். கயானி. சில்யாவின் வேலை இருப்பது எதிர்த்திசையில். அவள் அப்பா இருப்பதும் எதிர்த்திசையில். கயானியில் அவளுக்கு யாரும் கிடையாது. ரயில் நிலையம் மட்டும்தான் உண்டு.

"கயானியில அவளுக்கு யாரு?" என்றாள் மிர்வா மெதுவாக.

ஹில்லெவி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருடமாக இந்த முகத்தில் அவள் தேடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தன் மகளைப் பற்றித் தனக்குத் தெரியாத எதுவும் இவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இன்று முதன்முறையாக, தெரிந்திருக்க வேண்டுமே என்று ஏங்கினாள். ஒரு பெயர், ஒரு பையன், ஒரு சிநேகிதி, ஏதாவது. எனக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்லியிருக்கட்டும். நான் பொறாமைப்பட்டுக்கொள்கிறேன்.

மிர்வாவும் அதே ஏக்கத்தோடு இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.